புது ஆல்டர்னேட்டர், பழைய வயர்

விசைப்படகின் ஓட்டுநர் அறையில், சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது வெறும் 2.2 வாட் பல்பு. சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். அந்தப் பல்பு பியூஸ் போயிருந்தால், நேற்றுத்தான் மாட்டிய புத்தம் புதிய ஆல்டர்னேட்டர் நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு துளி மின்சாரம் தராமல் போகலாம். உரிமையாளர் கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்பார். கடைக்காரர் வேறொன்றை மாற்றித் தருவார். அதுவும் சும்மாவே சுற்றும். கடைசியில் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பல்பை மாற்றுவார். 800 வாட் இயந்திரம் விழித்துக்கொள்ளும்.

எச்சரிக்கை விளக்கு எப்படி ஓர் இயந்திரத்தை எழுப்பும்? அதைப் புரிந்துகொண்டால் படகு மின்சாரத்தில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் பெயின்டும் தேவைப்படும்.

திருவனந்தபுரம் கடற்கரையில் இந்தக் கோளாறுகளுக்கென்று ஒரு பருவமே உண்டு. விழிஞ்ஞத்தில் கிடக்கும் படகுகளில் பெரும்பாலானவை பின்புறம் தொங்கும் அவுட்போர்ட் மோட்டாரில் ஓடுபவை. கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடும், பேட்டரியைப் பற்றிக் கவலையில்லை. வடக்கே நீண்டகரைக்கோ, தெற்கே தேங்காய்ப்பட்டணம், குளச்சலுக்கோ போனால் நிலைமை வேறு. அங்கே வயிற்றுக்குள் டீசல் இன்ஜின் வைத்த விசைப்படகுகள். 1953-இல் நார்வேயின் உதவியோடு நீண்டகரையில் தொடங்கிய மீன்வளத் திட்டத்தின் வழியாக இந்தக் கரைக்கு வந்த பழக்கம் அது. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை உண்டு. இப்போது ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தடை. இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, பெயின்ட் அடிப்பது, பேட்டரி வாங்குவது, ஆல்டர்னேட்டர் மாற்றுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும். கரையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். கோளாறு முகம் காட்டுவது ஆகஸ்டில், கரை தெரியாத இடத்தில்.

அதற்கும் காரணம் இருக்கிறது. பழைய வகை டீசல் இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரமே வேண்டாம். காற்றை இறுக்கி அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிக்கும் இயந்திரம் அது. ஆகவே ஆல்டர்னேட்டர் செத்துப்போனாலும் படகு போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி தன் சேமிப்பைக் கரைத்து விளக்குகளையும் கருவிகளையும் தாங்கும். விளக்கு மங்கத் தொடங்கும்போதுதான் சங்கதி தெரியும். பிறகு ஒருமுறை இன்ஜினை நிறுத்தினால், செல்ஃப் மோட்டாரைச் சுழற்றி மறுபடி கிளப்பத் தெம்பு இருக்காது.

இயந்திரத்துக்குள் போவோம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது எளிய உண்மை: கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். ஆல்டர்னேட்டரின் நடுவில் சுழலும் காந்தத்துக்கு ரோட்டர் என்று பெயர், சுற்றிலும் அசையாமல் நிற்கும் செம்புச் சுருள்களுக்கு ஸ்டேட்டர். ரோட்டரின் இரும்பு நகங்கள், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டது போல, வடக்கு தெற்கு என்று மாறி மாறி அமைந்திருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் 12 நகம். ஆனால் அது நிரந்தரக் காந்தம் அல்ல. உள்ளே ஒரு சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தம். மின்சாரம் தயாரிக்கும் இயந்திரத்துக்கு முதலில் மின்சாரம் வேண்டும்!

ஓடத் தொடங்கியபின் அது தன் உற்பத்தியிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தன் காந்தத்துக்கு ஊட்டிக்கொள்ளும். முதல் வாய் ஊட்டுவது யார்? அந்த 2.2 வாட் பல்புதான். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 0.18 ஆம்பியர், பல்பின் வழியாக ரோட்டர் சுருளுக்குள் போகிறது. பல்பு எரிகிறது, இரும்பில் மெலிந்த காந்தம் உண்டாகிறது. ரோட்டர் சுழன்றதும் ஸ்டேட்டரில் கொஞ்சம் மின்சாரம், அதில் ஒரு பங்கு ரோட்டருக்கு, காந்தம் வலுக்கிறது, இன்னும் அதிக மின்சாரம். கண் இமைக்கும் நேரத்தில் இயந்திரம் தன் காலில் நிற்கிறது. இப்போது பல்பின் ஒரு பக்கம் பேட்டரியின் 14 வோல்ட், மறுபக்கம் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட். இரண்டும் சமம், நடுவில் எதுவும் பாயாது, பல்பு அணைகிறது. தனியாக ஒரு சுவிட்சோ ரிலேயோ இல்லை. எழுப்புவதும் அதே வயர், எழுந்தாயிற்று என்று சொல்வதும் அதே வயர்.

பழைய இரும்பில் சற்றே காந்தம் மிச்சம் தங்கியிருக்கும். இதற்கு எஞ்சிய காந்தம் என்று பெயர். பல்பு போனாலும் பல ஆல்டர்னேட்டர்கள் இந்த மிச்சத்தை வைத்து, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் எழுந்துவிடும். பழைய ஆல்டர்னேட்டர் அப்படியே பழகியிருக்கும், பல்பு செத்தது யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். கடையிலிருந்து வந்த புதிய ரோட்டரில் அந்த மிச்சம் போதாமல் போனால், பழி புதியதன் தலையில். நாகரிகம் கருதிப் பல்புக்குப் பதில் எல்.இ.டி. மாட்டினாலும் இதே கதிதான். அது இழுக்கும் மின்சாரம் பல்பினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஸ்டேட்டரில் பிறப்பது மாறுமின்சாரம், திசையை மாற்றிக்கொண்டே இருப்பது. பேட்டரிக்குத் தேவை ஒரே திசை. நடுவில் ஆறு டயோடுகள் நிற்கின்றன. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கான் வாயில்காப்போர். இவை மலிவாகக் கிடைக்கும்வரை வாகனங்களில் இருந்தது கனமான டைனமோ. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தபிறகுதான் காட்சி மாறியது. பேட்டரியைத் தலைகீழாக, பிளஸ்ஸும் மைனஸும் மாற்றி ஒரே ஒரு கணம் மாட்டிப் பாருங்கள். இந்த டயோடுகள் புகைந்துவிடும். புதிய ஆல்டர்னேட்டர் மாட்டிய அன்றே சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னும் பெரிய வியப்பு அடுத்தது. இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் முனகினாலும் 1800 சுற்றில் இரைந்தாலும் பேட்டரிக்குப் போவது 14 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். தீப்பெட்டி அளவே உள்ள ஒழுங்கி அதைச் செய்கிறது; மெக்கானிக்குகள் ரெகுலேட்டர் என்பார்கள். வெளியேறும் 60 ஆம்பியரை அது தொடுவதே இல்லை. ரோட்டருக்குப் போகும் மூன்று நான்கு ஆம்பியரை மட்டும், நொடிக்குப் பல தடவை, திறந்து மூடுகிறது. சிறியதைப் பிடித்துப் பெரியதை ஆட்டி வைக்கும் உபாயம். அளவுக்கு மீறி மின்னோட்டம் போய்விடாமல் காக்கத் தனியாக எதுவுமே இல்லை என்பது அதைவிட அழகு. வேகம் கூடும்போது மின்சாரம் திசை மாறும் வேகமும் கூடுகிறது. அது கூடக்கூட ஸ்டேட்டர் சுருள் தானாகவே அதை எதிர்க்கிறது. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் ஏறக்குறைய 60-இல் தானே நின்றுகொள்ளும். தன் எல்லையைத் தானே அறிந்த இயந்திரம்!

சீரற்ற சுழற்சியிலிருந்து சீரான மின்சாரம் எடுக்கும் இந்தச் சிக்கலுக்கு விழிஞ்ஞத்தில் ஒரு பெரிய வரலாறே உண்டு. 1991-இல் சென்னை ஐ.ஐ.டி. அங்கே மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரையொட்டி 150 கிலோவாட் அலைமின் நிலையம் ஒன்றை நிறுவியது. அலை ஏறும்போது கான்கிரீட் அறைக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் அதில் இருந்தது. அலை என்பது நிமிடத்துக்கு நிமிடம் மனம் மாறுவது; மின்சாரமும் அப்படியே ஏறி இறங்கியது. பின்னாளில் அதே நிலையத்தில் ஆல்டர்னேட்டரையும் பேட்டரி வரிசையையும் இடையில் வைத்து, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை ஓட்டினார்கள். படகில் இருக்கும் அதே ஏற்பாடு, பெரிய அளவில். அந்த நிலையம் இப்போது இயங்கவில்லை.

இனி கோளாறுகளுக்கு வருவோம். படகுகளில் 12 வோல்ட்டும் உண்டு, 24 வோல்ட்டும் உண்டு. இங்கே 12-ஐ வைத்துப் பேசுகிறேன். 24 வைத்திருப்பவர்கள் வோல்ட் கணக்கை இரட்டித்துக்கொள்ளலாம்.

முதல் சந்தேகம், இன்ஜினின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் மேல் விழ வேண்டும். 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 840 வாட், வீட்டு மிக்ஸி ஒன்று முழு மூச்சில் ஓடுவதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆல்டர்னேட்டரோ வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும், மீதி சூடாகப் போகும். ஆகவே பெல்ட் இழுக்க வேண்டியது ஏறக்குறைய 1,500 வாட், அதாவது 2 குதிரைத்திறன். விரல் தடிமன் ரப்பர் பட்டை, கைக்கு அடங்கும் ஒரு சிறு புல்லியின் பாதி விளிம்பைத் தழுவிக்கொண்டு இதைச் செய்கிறது. பழைய 35 ஆம்பியருக்குப் போதுமாயிருந்த இறுக்கம் புதிய 70-க்குப் போதாது. சுமை இல்லாதபோது சரியாகச் சுற்றும். விளக்கெல்லாம் போட்டதும் வழுக்கும், கிறீச்சிடும், புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படியும். கரையில் சோதித்தபோது விளக்கு எதுவும் போடவில்லை என்பதுதான் அங்கே தப்பித்த ரகசியம்.

இரண்டாவது சந்தேகம் வயர். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், பழுதுகளில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. செம்பு நல்ல கடத்திதான். ஆனாலும் தடையே இல்லாத கடத்தி அல்ல. 10 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்பு வயரில் ஒரு மீட்டருக்குத் தடை ஓம் கணக்கில் ஆயிரத்தில் 1.7 பங்கு. ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இன்ஜின் ஓரிடம், பேட்டரி ஐந்து மீட்டர் தள்ளி. போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் 10 மீட்டர். 35 ஆம்பியர் பாயும்போது வழியிலேயே தொலைவது 0.6 வோல்ட். 70 ஆம்பியர் ஆனால் 1.2 வோல்ட். ஆல்டர்னேட்டரின் வாயில் 14.2 இருந்தாலும் பேட்டரியைச் சேர்வது 13 மட்டுமே. பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறைந்து இந்த இழப்பும் குறைய வேண்டும். ஆனால் படகில் விளக்கும் கருவிகளும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பதால் அது குறையவே விடாது. பேட்டரி எப்போதும் அரைகுறை வயிற்றோடு கிடக்கும். அதன் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும், ஓரிரு ஆண்டில் பேட்டரி செத்துப்போகும். பழி? மறுபடியும் ஆல்டர்னேட்டருக்கே.

சூட்டுக் கணக்கு இதைவிடப் பயமுறுத்தும். மின்னோட்டம் இரட்டித்தால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். மேலே சொன்ன வயரில் 35 ஆம்பியருக்கு 21 வாட் சூடு, 70-க்கு 84 வாட். அதுவும் வயர் நெடுகப் பரவினால்தான் இந்த அளவு பொறுத்துக்கொள்ளலாம். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பூத்த ஒரே ஒரு முனையில் குவிந்தால் அங்கே பிளாஸ்டிக் உருகும், பக்கத்தில் டீசல் இருக்கும். பெரிய ஆல்டர்னேட்டர் வாங்க முடிவு செய்தவர், அதே பட்டியலில் பெரிய வயரையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சில ஆல்டர்னேட்டர்களில் இந்த இழப்பை ஈடுகட்ட மெல்லிய வயர் ஒன்று தனியாக வரும், உணர்வு வயர். அது பேட்டரியின் முனைக்கே போய் அங்கே உண்மையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்து ஒழுங்கிக்குச் சொல்லும். அதில் மின்னோட்டம் பெயருக்குத்தான், ஆகவே வழியில் எதுவும் தொலையாது. பழைய ஆல்டர்னேட்டரில் இது இல்லை, புதியதில் இருக்கிறது, மாட்டியவர் எங்கே போடுவதென்று தெரியாமல் டேப் சுற்றி விட்டுவிட்டார் என்று வையுங்கள். சில மாடல்களில் ஒழுங்கிக்கு பேட்டரி காலியாகத் தோன்றும். மேலும் மேலும் தள்ளும், 15, 16 வோல்ட் என்று ஏறும். பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். கூடவே வெளியேறுவது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும்.

பெயின்ட் பற்றிச் சொன்னேன். மின்சாரம் போனால் போதாது, திரும்பியும் வர வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் திரும்பும் பாதை உடம்பு வழியாகத்தான், அதாவது எர்த்: ஆல்டர்னேட்டரின் கூடு, பிராக்கெட், இன்ஜின், அங்கிருந்து பேட்டரியின் மைனஸ். தடைக்காலத்தில் இன்ஜினுக்குப் பளபளவென்று புது வண்ணம் பூசுவார்கள், பிராக்கெட்டுக்கும் சேர்த்து. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரையில் எங்கோ இரண்டு இடத்தில் இரும்பும் இரும்பும் உரசுவதை நம்பி 60 ஆம்பியர் திரும்பி வர வேண்டியிருக்கும். பார்க்க அழகான இன்ஜின், பசித்துக் கிடக்கும் பேட்டரி. போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பளிச்சென்று இரும்பு தெரிய வைத்தாலே தீரும் பிரச்சினை இது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது ஒரு நாசூக்கான பொய்யையும் சொல்லும். நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஒரு கோடி ஓம். வோல்ட் பார்க்கும்போது அது இழுக்கும் மின்சாரம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உப்பு தின்று உள்ளே பச்சை பூத்து, தடை பல மடங்கு ஏறிப்போன வயர்கூட அந்த அளவைத் தாராளமாகக் கொடுக்கும், மீட்டரில் 12.6 என்று அழகாக வரும். 21 வாட் பல்பு இழுப்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர், மீட்டரைப்போல் சுமார் 14 லட்சம் மடங்கு. அந்த வயரில் அதை மாட்டினால் மினுக்கென்று கூட எரியாது. பழைய எலக்ட்ரீஷியன்கள் பையில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப், இரண்டு வயரும் ஒரு பல்பும், பல நேரங்களில் விலையுயர்ந்த மீட்டரைத் தோற்கடிப்பது இதனால்தான்.

மீட்டரைச் சரியாகக் கேட்கவும் வழி உண்டு: சுமை போட்டுக் கேட்க வேண்டும். இன்ஜின் ஓடட்டும், எல்லா விளக்கும் எரியட்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே பாருங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டரின் வெளிமுனையில் ஒரு கம்பி, பேட்டரி பிளஸ்ஸில் ஒரு கம்பி. அந்த வயர் எவ்வளவு விழுங்குகிறது என்பதை மீட்டர் நேராகவே காட்டிவிடும். அதேபோல் ஆல்டர்னேட்டரின் கூட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்ட்டையோ பச்சையையோ தேட வேண்டியதுதான். இரண்டும் சரியாக இருந்து, ஆல்டர்னேட்டரின் வாயிலேயே 14 இல்லை என்றால் மட்டும் அதைக் கழற்றலாம். எத்தனை நல்ல ஆல்டர்னேட்டர்கள் இந்த வரிசை தெரியாததால் கழற்றப்படுகின்றன!

ஒரு வயர் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டாலி என்ற சரக்குக் கப்பல் நடுவழியில் மின்சாரத்தை இழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சரிந்தது, அதில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். கப்பலின் நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்ன முடிவு: ஒரு சிறு வயர் லூஸாக இருந்தது. வயரின் முனையில் சுற்றிய அடையாளப் பட்டை, அதை இணைப்புக்குள் முழுதாக நுழைய விடவில்லை.

புதிய ஆல்டர்னேட்டர் இன்ஜினின் வேகத்தையே பொய்யாகக் காட்டுவதும் உண்டு. பல டீசல் படகுகளில் சுற்றுவேகமானி, அதாவது ஆர்.பி.எம். மீட்டர், இன்ஜினைப் பார்ப்பதே இல்லை. ஆல்டர்னேட்டருக்குள் டயோடுக்குப் போகும் முன்பே மின்சாரத் துடிப்பை ஒரு முனையில் எடுத்து எண்ணுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று, புல்லிகளின் விகிதம் இரண்டு என்றால் ஆல்டர்னேட்டர் 3000, நொடிக்கு 50 சுற்று. 12 நகமுள்ள ரோட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும், நொடிக்கு 300. மீட்டர் இந்த 300-ஐ 1500 என்று படிக்கப் பழகியது. புதியது 16 நகமுள்ளதாக இருந்தால் 400 துடிப்பு; முள் 2000-த்தில் நிற்கும். ஓட்டுபவர் பதறி ஆக்சிலேட்டரைக் குறைப்பார், படகு ஊரும், டீசல் பம்ப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. புல்லி அளவு மாறினாலும் இதே கூத்துதான். பல மீட்டர்களின் முதுகில் இதைத் திருத்த ஒரு சிறு திருகோ சுவிட்சோ இருக்கும்.

காதாலேயே பிடிக்கக்கூடிய கோளாறும் ஒன்று உண்டு. ஆறு டயோடும் ஒழுங்காக வேலை செய்தால் மேலே சொன்ன வேகத்தில் நொடிக்கு 1800 சிறு அலைகள் மின்சாரத்தின் மேல் இருக்கும், பேட்டரி அவற்றை விழுங்கிவிடும். ஒரு டயோடு போனால் அலை பெரிதாகும், அடிக்குரலில் நொடிக்கு 300 துடிப்பு சேரும். வி.எச்.எப். வயர்லெஸ்ஸில் ஓர் ஊளை கேட்கும். இன்ஜினை முறுக்கினால் ஊளையின் சுருதியும் ஏறும். வேகத்தோடு சுருதி ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பக்கம், ஏறாவிட்டால் வேறு எங்கோ. மல்டிமீட்டரை மாறுமின்சாரத்தில் வைத்து பேட்டரியில் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது இதற்குச் சாட்சி.

இரும்பு உடல் கொண்ட படகாக இருந்தால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. லாரிக்கு உடம்பு வழியாக மின்சாரம் திரும்புவதில் தோஷமில்லை, அது காற்றில் ஓடுகிறது. படகோ உப்புநீர் என்ற நல்ல கடத்தியில் மிதக்கிறது. மின்சாரம் ஓட்டிலிருந்து கசிந்து நீருக்குள் போனால் இரும்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு என்பதற்கும் ஃபாரடேயின் விதி ஒன்று கணக்கு சொல்கிறது: ஒரே ஒரு ஆம்பியர், ஓர் ஆண்டு முழுக்கக் கசிந்தால், ஏறக்குறைய 9 கிலோ இரும்பு கரைந்துவிடும். இதனால்தான் இரும்புப் படகுகளுக்கென்று கூடும் மைனஸும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஆல்டர்னேட்டர்கள் வருகின்றன. வெளியே பார்க்க லாரி ஆல்டர்னேட்டரும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் பொருந்தும். விலை குறைவென்று லாரிக்கானதை மாட்டுவது மோசமான சேமிப்பு.

ஒரு காலத்தில் படகில் மின்சாரம் என்றால் நான்கு விளக்கு. இன்று ஜி.பி.எஸ்., மீன் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் அந்த ஒரே பேட்டரியில் தொங்குகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி, திருவனந்தபுரம் கரையோரம் கடந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதை இந்தக் கரை மறக்காது. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்த முனைகிறது. விண்வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையும் கடைசியில் பச்சை பூத்த ஒரு பேட்டரி முனையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழைய வித்தை இன்னும் பல பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது. டைனமோ காலத்து வித்தை அது. 60 ஆம்பியரை விழுங்கிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகினால், ரோட்டரின் காந்தம் உடனே அடங்காது. அரை நொடிக்கும் குறைந்த நேரத்துக்கு வோல்ட் எகிறி 100-ஐத் தொடலாம். டயோடும் ஒழுங்கியும் போகும். கூடவே வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்ஸும் போகும். ஓடும்போதே பேட்டரியின் மெயின் சுவிட்சைத் திருப்பினாலும் இதுவேதான். யாராவது ஸ்பானரோடு அப்படி வந்தால் தடுத்துவிடுங்கள். முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், பிறகு மைனஸ் முனையைக் கழற்றுங்கள், அதன்பின் பிளஸ். ஜூலை 31-க்கு முன்பே ஒரு நாள், எல்லா விளக்கையும் எல்லாக் கருவியையும் போட்டு, ஒரு மணி நேரமாவது கரையிலேயே ஓட்டிப் பாருங்கள்.